இண்டியானாவின் மார்ச்சும் மேயும்: பள்ளிக் கூடைப்பந்துக்கும் கார்ப்பந்தயத்துக்கும் என்ன உறவு?

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைப் பற்றி யார் எழுதினாலும் பள்ளிக்கூடக் கூடைப்பந்தையும் இண்டி 500 கார்ப்பந்தயத்தையும் சேர்த்தே எழுதுகிறார்கள். இரண்டுக்கும் உண்மையிலேயே உறவு உண்டா, அல்லது ஒரே மாநிலத்தில் இருப்பதால் சும்மா சேர்த்துச் சொல்கிறார்களா? நேரில் பார்க்க விரும்பினால் எங்கே போக வேண்டும்?

உறவு உண்டு. ஆனால் பலர் அதைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். "எந்தக் கார் ஓட்டுநர் பள்ளியில் கூடைப்பந்து ஆடினார்" என்று பட்டியல் போடப் போனால் உருப்படியாக ஒன்றும் தேறாது. உறவு ஆட்களில் இல்லை, ஊர்களில் இருக்கிறது. கியர்பாக்ஸ், டைனமோ, ஹெட்லைட் செய்த தொழிற்சாலை ஊர்கள்தான் ஆயிரக்கணக்கான பேர் உட்காரும் பள்ளி அரங்கங்களைக் கட்டின. அந்த ஊர்கள் மார்ச் மாதத்தில் பள்ளி அணியின் பின்னால் போயின, மே மாதத்தில் பந்தயத் தடத்துக்குப் போயின. இன்னொரு ஒற்றுமையும் உண்டு, என் கணிப்பில் அதுதான் முக்கியமானது. இரண்டு போட்டிகளும் பெரியவன் சின்னவன் பாராமல் எல்லாருக்கும் ஒரே வாசலைத் திறந்து வைத்திருந்தன. அந்த வாசல் இரண்டு இடத்திலும் அடுத்தடுத்தே மூடப்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆண்டு. 1911 மார்ச்சில் புளூமிங்டனில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் முதல் மாநிலப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. நாடாளுமன்றத் தொகுதிக்கு ஓர் அணி என்ற கணக்கில் அழைத்தார்கள், 12 அணிகள் வந்தன. கிராஃபோர்ட்ஸ்வில் பள்ளி 24-17 என்று லெபனான் பள்ளியை வென்றது. இரண்டரை மாதம் கழித்து, மே 30 அன்று, இண்டியானாபொலிஸில் முதல் 500 மைல் பந்தயம். 40 கார்கள் கிளம்பின. மார்மன் கம்பெனியின் மஞ்சள் நிற வாஸ்ப் காரில் ரே ஹரூன் 6 மணி 42 நிமிடத்தில், மணிக்குச் சராசரி 74.6 மைல் வேகத்தில் வென்றார். அந்தக் கார் அதே ஊரில் செய்தது. மற்ற ஓட்டுநர்கள் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்துப் பின்னால் யார் வருகிறார் என்று பார்க்கச் சொன்னார்கள். ஹரூன் அந்த ஆளை விட்டுவிட்டு ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்.

இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தது தற்செயல்தான். ஆனால் இரண்டும் இந்த மண்ணில் வேர்பிடித்ததற்குக் காரணங்கள் உண்டு. இண்டியானாவின் பள்ளிகளில் பெரும்பாலானவை கிராமத்துப் பள்ளிகள். அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினொரு பையன்களும் கவசங்களும் வேண்டும். கூடைப்பந்துக்கு ஐந்து பேரும் ஒரு பந்தும் போதும். அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்குள் வரும் பனிக்காலத்தில் வயலில் வேலை குறைவு, கூடைப்பந்துப் பருவமும் அப்போதுதான். சொந்த அரங்கமே இல்லாத விங்கேட் என்ற குக்கிராமப் பள்ளி 1913, 1914 இரண்டு ஆண்டும் மாநிலப் பட்டத்தை வென்றது. பந்தயத் தடமோ கார்க் கம்பெனிகளின் சோதனைத் தேவையில் பிறந்தது. கார்ல் ஃபிஷர், ஜேம்ஸ் அலிசன், ஆர்தர் நியூபி, ஃபிராங்க் வீலர் ஆகிய நான்கு பேர் 1909இல் இரண்டரை மைல் தடத்தைப் போட்டார்கள். முதலில் போட்டது நொறுக்கிய கல்லும் தாரும். ஆகஸ்ட் மாதப் பந்தயங்களில் சக்கரங்கள் தளத்தைப் பெயர்த்துக் குழி ஆக்கின, கல் தெறித்தது, கார்கள் கட்டுப்பாட்டை இழந்தன, உயிர்கள் போயின. அதன் பிறகுதான் 32 லட்சம் செங்கற்களை 63 நாளில் பதித்தார்கள். இன்று ஆரம்பக் கோட்டில் மிச்சமிருப்பது அதில் ஒரு கெஜம் அகலம் மட்டுமே.

இனி ஊர்களைப் பார்ப்போம். மன்சி என்ற ஊரிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே வார்னர் கியர் என்ற கம்பெனி கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்தது. 1928இல் அது வேறு சில கம்பெனிகளோடு இணைந்து போர்க்-வார்னர் ஆனது. அதே 1928இல் மன்சி சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி தன் முதல் மாநிலப் பட்டத்தை வென்றது. இறுதி ஆட்டத்தின் புள்ளி 13-12. எதிரணி மார்ட்டின்ஸ்வில், அதில் ஆடியவர்களில் ஒருவர் பின்னாளில் பயிற்சியாளராகப் புகழ்பெற்ற ஜான் வூடன். இவ்வளவு குறைந்த புள்ளிக்கு விதிகள்தான் காரணம். அப்போது ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் நடுவட்டத்துக்குத் திரும்பிப்போய், நடுவர் மேலே எறியும் பந்துக்கு இருவர் எகிறும் ஜம்ப் பாலை மறுபடி போட வேண்டும். பத்து விநாடிக்குள் பாதிக்கோட்டைத் தாண்டியாக வேண்டும் என்ற விதியும் வரவில்லை. முன்னிலை பெற்ற அணி பந்தைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம். கடைசியில் மன்சியின் சார்லி செக்ரிஸ்ட் நடுக்களத்துக்குப் பக்கத்திலிருந்து இரண்டு கையாலும் கீழிருந்து மேலே எறிந்த பந்து உயரே போய் வளையத்தில் விழுந்தது.

மன்சி சென்ட்ரல் மொத்தம் எட்டு மாநிலப் பட்டம் பெற்ற பள்ளி. போர்க்-வார்னர் கம்பெனி 1936இலிருந்து இண்டி 500 வெற்றியாளருக்கு வெள்ளிக் கோப்பை தருகிறது. ஐந்தடிக்கு மேல் உயரம், 1911இலிருந்து வென்ற ஒவ்வொருவரின் முகமும் அதில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். கோப்பையை முதலில் பெற்ற லூயி மேயர் 1928இலும் பந்தயத்தை வென்றவர். ஆக, மன்சியில் கியர் வெட்டிய ஆலையின் பெயர்தான் பந்தயக் கோப்பையின் பெயரில் பாதி. அந்த ஆலைக்காரர்களின் பிள்ளைகள்தான் பள்ளி அணிக்காகக் கத்தியவர்கள்.

ஆண்டர்சன் இதைவிட நேரடியான உதாரணம். டெல்கோ ரெமி ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் செய்தது, கைடு லாம்ப் ஹெட்லைட் செய்தது. இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பம். உச்ச காலத்தில் 20,000 பேருக்கு மேல் அந்த ஊரில் அவர்களிடம் வேலை பார்த்தார்கள். ஆண்டர்சன் பள்ளி 1935, 1937, 1946 ஆண்டுகளில் மாநிலப் பட்டம் பெற்றது. 1946 இறுதி ஆட்டத்தில் ஜானி வில்சன் ஒருவரே 30 புள்ளி எடுத்தார். பழைய அரங்கம் தீயில் போனபின் 1961இல் கட்டிய 'விக்வாம்' அரங்கத்தில் 8,996 இருக்கை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு! அதே ஊரில் கால் மைல் நீளமுள்ள சாய்தளத் தடத்தில் 1949 முதல் 'லிட்டில் 500' நடக்கிறது. பெரிய பந்தயத்துக்கு முந்தின இரவு, 33 ஸ்பிரின்ட் கார்கள் (குறுகிய தடங்களில் ஓடும் சிறிய பந்தயக் கார்கள்), 500 சுற்று, மொத்தம் 125 மைல்.

இந்த லிட்டில் 500இல் ஒரு விஷயத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரின்ட் காரில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. எடையைக் குறைக்க எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். எஞ்சினும் பின் அச்சும் நேரடியாகக் கோக்கப்பட்டிருக்கும். பின்னாலிருந்து ஒரு டிரக் தள்ளினால்தான் எஞ்சின் பிடிக்கும். சாதாரணக் குறுகிய பந்தயத்தில் இது பிரச்சினை இல்லை. 500 சுற்றில் எரிபொருள் நிரப்ப நின்றே ஆக வேண்டும். நின்றால் எஞ்சின் அணைந்துவிடும், மறுபடி டிரக் வந்து தள்ள வேண்டும். தள்ளும் வண்டி தாமதமானால் பல சுற்று போய்விடும். வேகமான கார் தோற்பதும் நிதானமான குழு ஜெயிப்பதும் பெரும்பாலும் பிட்டில்தான், அதாவது எரிபொருள் நிரப்ப நிற்கும் இடத்தில்தான், நடக்கிறது. ஊருக்கே ஸ்டார்ட்டர் மோட்டாரால் சோறு கிடைத்தது, அந்த ஊரின் பெரிய பந்தயத்தில் ஓடும் காருக்கு மட்டும் ஸ்டார்ட்டர் இல்லை.

நியூ காசில் ஊரில் உறவு பள்ளியின் பெயரிலேயே எழுதப்பட்டது. அங்கே மேக்ஸ்வெல்-பிரிஸ்கோ கார்த் தொழிற்சாலை 1907இல் வந்தது, பிறகு அது கிரைஸ்லர் கைக்குப் போனது. ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு நியூ காசில் கிரைஸ்லர் உயர்நிலைப் பள்ளி என்று பெயர் வைத்தார்கள். 1983இல் மாநிலத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான ஸ்டீவ் ஆல்ஃபர்ட் அந்தப் பள்ளியில் தன் அப்பாவின் பயிற்சியில் ஆடியவர். 1959இல் திறந்த அந்தப் பள்ளி அரங்கத்தில் 9,325 இருக்கை என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். பள்ளி அரங்கங்களில் உலகத்திலேயே பெரியது என்று அறியப்படுவது அதுதான். களம் தரைமட்டத்துக்குக் கீழே கிண்ணம்போல் இறங்கியிருக்கும். வாசலில் நுழைந்தால் கேலரியின் உச்சிப் படியில் நிற்பீர்கள், அங்கிருந்து கீழே இறங்கி உட்கார வேண்டும். நிலத்தைக் குடைந்து படி வைத்ததால் உயரமான சுவரும் அதைத் தாங்கும் இரும்பும் தேவைப்படவில்லை. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பந்து கண்ணுக்குத் தெரியும்.

ஒரு பள்ளிக்கு ஏன் இத்தனை ஆயிரம் இருக்கை என்று கேட்பீர்கள். முதல் சுற்றான 'செக்‌ஷனல்' போட்டியை எந்த ஊர் நடத்துவது என்று முடிவு செய்யும்போது அரங்கத்தின் அளவையும் பார்த்தார்கள். நடத்தும் பள்ளிக்குச் சொந்தக் களத்தின் பலம் கிடைக்கும், பக்கத்து ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்கி வந்து உட்காருவார்கள். அதனால் பக்கத்து ஊர் 5,000 இருக்கை போட்டால் நாம் 7,000 போடுவோம் என்ற போட்டி கிளம்பியது. மார்ட்டின்ஸ்வில்லில் 1924இல் கட்டிய அரங்கத்தில் ஊர் மக்கள்தொகையைவிட இருக்கை அதிகம். தொழிற்சாலை வரி வந்த ஊர்களால் இப்படிக் கட்ட முடிந்தது. ஆலைகள் மூடியபின் அதே அரங்கங்களைச் சூடாக்கவும் கூரை பழுதுபார்க்கவும் பள்ளிகளால் முடியவில்லை. விக்வாமும் 2011இல் மூடப்பட்டது.

கொலம்பஸ் என்ற ஊரை நான் தனியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். கூடைப்பந்து ஷூவில் கையெழுத்தாக இருக்கும் சக் டெய்லர் கொலம்பஸ் உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடியவர். அதே ஊரில்தான் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் கம்பெனி. 1931இல் அவர்கள் டியூசன்பர்க் சேஸியில் டீசல் எஞ்சினை வைத்து இண்டி 500க்கு அனுப்பினார்கள். ஓட்டியவர் டேவ் எவன்ஸ். 500 மைலையும் ஒருமுறைகூட பிட்டுக்கு வராமல் ஓடி முடித்தார், 13ஆம் இடம். அதற்கு முன் யாரும் நிற்காமல் அந்தப் பந்தயத்தை முடித்ததில்லை. வேகத்தில் பெட்ரோல் எஞ்சினுக்கு ஈடு இல்லைதான், ஆனால் டீசல் சிக்கனமானது என்று நிரூபிக்க அதைவிட நல்ல மேடை இல்லை.

1952இல் மறுபடி வந்தார்கள். இந்த முறை 6.6 லிட்டர் எஞ்சினை ஏறத்தாழப் படுக்கை வாட்டில் வைத்து, காரைத் தாழ்வாக்கி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போசார்ஜர் பொருத்தியிருந்தார்கள். இண்டி 500இல் டர்போ வைத்த முதல் கார் அது. ஃப்ரெட் அகபாஷியன் மணிக்கு 138.010 மைல் வேகத்தில் ஓட்டி முதல் இடத்திலிருந்து கிளம்பும் தகுதியைப் பெற்றார். பந்தயத்தில் 71ஆம் சுற்றோடு கதை முடிந்தது. காரணம் எஞ்சின் பலவீனம் அல்ல. டர்போவுக்குக் காற்று இழுக்கும் வாய் காரின் மூக்கில் தாழ்வாக இருந்தது. தகுதி ஓட்டத்தில் தடத்தில் தனியாக ஓடியபோது காற்று சுத்தமாக இருந்தது. பந்தயத்தில் முன்னே போகும் கார்களின் டயரிலிருந்து உதிரும் ரப்பர் துணுக்கும் தூசியும் நேராக அந்த வாய்க்குள் போய் அடைத்தன. காற்று குறைந்தால் எரிபொருள் முழுதாக எரியாது, எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும், சக்தி விழுந்துவிடும். காற்றுவாயை ஓரடி மேலே வைத்திருந்தால் பந்தயம் எப்படிப் போயிருக்கும் என்று எஞ்சின் பிரியர்கள் இன்றும் பேசுகிறார்கள். பள்ளிக் களத்தில் ஓடும் ஷூவும் நெடுஞ்சாலையில் ஓடும் லாரி எஞ்சினும் தேடிப்போனால் ஒரே சிற்றூரில் வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

மற்ற ஊர்களை வேகமாகக் கடக்கலாம். கோகோமோவில் எல்வுட் ஹேன்ஸ் 1894 ஜூலை 4 அன்று தன் காரை ஓட்டிக் காட்டினார். அந்த ஊர்ப் பள்ளி 1961இல் மாநிலப் பட்டம் பெற்றது, கால் மைல் மண் தடம் இன்றும் ஓடுகிறது. கானர்ஸ்வில் ஆபர்ன், கார்டு கார்கள் தயாரான ஊர், பள்ளிக்கு 1972, 1983 பட்டங்கள். டெர்ரே ஹோட் ஊரின் தொழிலதிபர் டோனி ஹல்மன் போரில் பாழடைந்து கிடந்த இண்டியானாபொலிஸ் தடத்தை 1945 நவம்பரில் 7,50,000 டாலருக்கு வாங்கிப் பந்தயத்தைக் காப்பாற்றியவர். அவர் பெயர் தாங்கிய டெர்ரே ஹோட் அரங்கத்தில்தான் ஸ்பிரிங்ஸ் வேலி பள்ளியிலிருந்து வந்த, பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் புகழ்பெற்ற லாரி பர்ட் தன் கல்லூரி நாட்களை ஆடினார். பந்தயத் தடத்தைச் சுற்றி எழுந்த ஸ்பீட்வே ஊரின் பள்ளி அணிகளுக்கு என்ன பெயர் தெரியுமா? ஸ்பார்க் பிளக்ஸ். இண்டியானாவின் தொழில்முறைக் கூடைப்பந்து அணியான பேசர்ஸ் பெயரிலும் பாதி பந்தயம்தான். குதிரைப் பந்தயத்தின் நடைக்குதிரை, இண்டி 500இல் கார்களை வரிசைப்படுத்தி முன்னே போகும் பேஸ் கார் இரண்டையும் நினைத்து 1967இல் வைத்த பெயர் அது.

இப்போது போட்டி அமைப்புக்கு வருவோம். இண்டி 500இல் 33 கார்தான் கிளம்பலாம். அந்த எண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு. தடம் 13,200 அடி, ஒரு காருக்கு 400 அடி இடம் வேண்டும் என்று வைத்தார்கள், வகுத்தால் 33. தகுதி பெற நான்கு சுற்று, அதாவது பத்து மைல், தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும், சராசரி வேகம்தான் பேசும். 33 இடமும் நிரம்பியபின் இன்னொருவர் கூடுதல் வேகத்தில் ஓட்டினால், இருப்பவர்களில் மிக மெதுவானவர் வெளியே போக வேண்டியதுதான். வீட்டுக் கொட்டகையில் கார் கட்டியவரானாலும் கம்பெனிக்காரரானாலும் விதி ஒன்றே.

பள்ளிப் போட்டியிலும் அதே நியாயம். 1954இல் 751 பள்ளிகள் ஒரே போட்டியில் இறங்கின. 64 செக்‌ஷனல், அவற்றில் வென்றவர்களுக்கு 16 ரீஜனல், பிறகு 4 செமிஸ்டேட், கடைசியில் நான்கு அணி. யாருக்கு யார் எதிரி என்பதைக் குலுக்கிப் போட்டார்கள். பலமானவர்களைத் தனித்தனியே பிரித்து வைக்கும் ஏற்பாடு இல்லை. ஒருமுறை தோற்றால் வீட்டுக்கு. ரீஜனல் முதல் இறுதிவரை ஒரே சனிக்கிழமை இரண்டு ஆட்டம் ஆட வேண்டும், பகலில் ஒன்று, இரவில் ஒன்று. ஐந்து நல்ல ஆட்டக்காரர் இருந்தால் போதாது, இரவு ஆட்டத்துக்குக் கால் மிஞ்ச வேண்டும்.

அந்த 1954இல்தான் 161 மாணவர் படித்த மிலன் பள்ளி பட்டம் வென்றது. இறுதியில் எதிரே நின்றது ஏறத்தாழப் பத்து மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல். மூன்று கால்பகுதி முடிவில் 26-26. பிறகு மன்சி 28-26 என்று முன்னேறியது. அடுத்து நடந்ததை இன்று பார்ப்பவர்களுக்கு நம்ப முடியாது. பின்தங்கியிருந்த மிலனின் பாபி பிளம்ப் பந்தைக் கையில் பிடித்தபடி 4 நிமிடம் 13 விநாடி அசையாமல் நின்றார். இத்தனை விநாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்று கணக்கிடும் ஷாட் கடிகாரம் கிடையாது. எதிரி நெருங்கி வந்து மறித்தால்தான் நேரக்கணக்கு. முன்னிலையில் இருந்த மன்சிக்கு வெளியே வந்து மறிக்க அவசியம் இல்லை, வந்தால் கூடைக்கடியில் வழி திறந்துவிடும். மிலனுக்கோ பகலில் ஆடிய களைப்பு தீர ஓய்வு, எட்டிப்பிடிக்கும் தூரத்திலேயே ஆட்டம். பிறகு மிலன் சமன் செய்தது, பிளம்ப் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டார், மன்சி 30-30 ஆக்கியது. 18 விநாடி மிச்சம் இருக்கையில் இடைவேளை எடுத்தார்கள். மற்ற நால்வரும் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ள, பிளம்ப் தன்னை மறித்தவரோடு தனியாக மோதி, வலப்பக்கம் நகர்ந்து, எகிறி எறிந்தார். 32-30.

இது அதிர்ஷ்டக் கதை என்று நினைக்கக் கூடாது. மிலன் கதையைத் தழுவி 1986இல் வந்த 'ஹூசியர்ஸ்' திரைப்படத்தால் அப்படி ஓர் எண்ணம் பரவிவிட்டது. மிலன் அதற்கு முந்தைய ஆண்டே கடைசி நான்கு அணிகளில் ஒன்று. பயிற்சியாளர் மார்வின் வுட் பந்தைக் கைவிடாமல் சுற்றவிடும் முறையைப் பழக்கி வைத்திருந்தார். அன்றிரவு அணி உள்ளூர் கார் வியாபாரி கொடுத்த கேடிலாக் கார்களில் இண்டியானாபொலிஸ் நகரின் நடுவிலுள்ள நினைவுத்தூண் வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றிவந்தது. முன்னே போன போலீஸ்காரரே அப்படிக் கூட்டிப் போனார்.

அடுத்த ஆண்டு அதே வட்டத்தில் வேறு கதை நடந்தது. 1955இல், பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் புகழ்பெற்ற ஆஸ்கார் ராபர்ட்சன் ஆடிய இண்டியானாபொலிஸின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி 97-74 என்று வென்றது. கறுப்பின மாணவர் மட்டுமே படித்த ஒரு பள்ளி மாநிலப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை, இண்டியானாபொலிஸ் நகரப் பள்ளி ஒன்று பெற்றதும் அதுவே முதல் முறை. தீயணைப்பு வண்டியில் ஏற்றி வட்டத்தைச் சுற்றவைத்து, நிற்கவிடாமல் கறுப்பினத்தார் வாழும் பகுதியிலிருந்த பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். மறு ஆண்டு அட்டக்ஸ் ஒரு தோல்வியும் இல்லாமல் 31-0 என்று மறுபடி வென்றது.

"எல்லாருக்கும் ஒரே வாசல்" என்று நான் மேலே சொன்னதற்கு இங்கே ஒரு திருத்தம் போட்டாக வேண்டும். 1942 வரை கறுப்பினப் பள்ளிகளுக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் மாநிலப் போட்டியில் இடம் இல்லை. பெரிய பந்தயத்திலும் கறுப்பின ஓட்டுநருக்கு இடம் இல்லை. அதனால் 1924இலிருந்து மாநிலக் கண்காட்சி மைதானத்தின் ஒரு மைல் மண் தடத்தில் அவர்களுக்கென 'கோல்ட் அண்ட் குளோரி' என்ற 100 மைல் பந்தயம் நடந்தது. தன் காரைத் தானே கட்டிய இண்டியானாபொலிஸ் மெக்கானிக் சார்லி விகின்ஸ் அதை நான்கு முறை வென்றார். 1936 பந்தய விபத்தில் ஒரு காலை இழந்தார். இண்டி 500இல் முதல் கறுப்பின ஓட்டுநர் வில்லி டி. ரிப்ஸ் ஓடியது 1991இல்தான். அதே கண்காட்சி மைதானக் கட்டடங்களில்தான் 1920களில் பள்ளி இறுதி ஆட்டங்கள் நடந்தன. ஜான் வூடனின் 1927 பட்டம் அங்கே கிடைத்தது. போர்க்காலத்தில் பட்லர் பல்கலைக்கழக அரங்கத்தை ராணுவம் எடுத்துக்கொண்டபோது, 1943 முதல் 1945 வரை இறுதி ஆட்டங்கள் மறுபடி அங்கேயே போயின. கூடைப்பந்தும் பந்தயமும் ஒரே வேலிக்குள் இருந்த இடம் வேண்டுமென்றால் அந்த மைதானம்தான்.

இனி வாசல் மூடிய கதை. 1996இல் பந்தய உலகம் இரண்டாகப் பிளந்தது. தடத்தின் உரிமைக் குடும்பத்தைச் சேர்ந்த டோனி ஜார்ஜ் இண்டி ரேசிங் லீகைத் தொடங்கினார். 33 இடத்தில் 25 அந்த லீக்காரர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். பெயர் பெற்ற ஓட்டுநர் பலர் அன்றே மிச்சிகனில் வேறு பந்தயம் ஓடினார்கள். இரு தரப்பும் சேர 2008 ஆனது. அதே 1996இல் பள்ளி விளையாட்டுச் சங்கம் மாணவர் எண்ணிக்கைப்படி நான்கு பிரிவாகப் போட்டியைப் பிரிக்க முடிவெடுத்தது. 1997இல் புளூமிங்டன் நார்த் வென்றதே கடைசி ஒற்றைப் பட்டம். சிறிய பள்ளிக்கு நான்கில் ஒரு பட்டமாவது கிடைக்கட்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு, பெரும்பாலான பள்ளித் தலைமையாசிரியர்களும் அதைத்தான் விரும்பினார்கள். இருந்தாலும் 1990இல் பள்ளி நட்சத்திரமான டேமன் பெய்லி ஆடிய இறுதி ஆட்டத்துக்கு 41,046 பேர் வந்தார்களே, அந்தக் கூட்டம் பிரிவுகள் வந்தபின் திரும்பவே இல்லை. பக்கத்து ஊரோடு ஆடும் செக்‌ஷனலும் பல இடங்களில் போய்விட்டது. ஒரே அளவுள்ள பள்ளியைத் தேடி நெடுந்தூரம் பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது. இது தவறான முடிவு என்பதே என் கருத்து.

நேரில் போக விரும்பினால் இண்டியானாபொலிஸில் தங்கிக்கொள்ளுங்கள். மிலன் வென்ற இறுதி ஆட்டம் நடந்த, பட்லர் பல்கலைக்கழகத்தின் ஹிங்கிள் அரங்கமும் பந்தயத் தடமும் நகருக்குள்ளேயே, காரில் அரைமணிக்குள். இரண்டுக்குமே 1987இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. ஹிங்கிளில் பகலில் போய் மேல் ஜன்னல் வெளிச்சம் விழுவதைப் பாருங்கள். 1928இல் களம் கிழக்கு மேற்காக இருந்தது, சில ஆண்டுகளில் வடக்கு தெற்காகத் திருப்பினார்கள். தடத்தில் அருங்காட்சியகம் உண்டு, ஹரூன் ஓட்டிய வாஸ்ப் காரை அந்த அருங்காட்சியகம்தான் வைத்திருக்கிறது. தடத்தைப் பார்க்கும்போது நம் கோவை நரேன் கார்த்திகேயனையும் நினைத்துக்கொள்ளலாம். 2005 ஃபார்முலா ஒன் பந்தயத்தில் சாய்வான வளைவின் வேகத்தை மிஷலின் டயர்கள் தாங்காமல் அந்த அணிகள் விலகிவிட, ஆறு கார் மட்டும் ஓடியது. அதில் நரேன் நான்காவதாக வந்து ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

வடகிழக்கே ஒரு நாள் ஒதுக்கினால் ஆண்டர்சன், மன்சி, நியூ காசில் மூன்றையும் ஒரே சுற்றில் பார்த்துத் திரும்பலாம். நியூ காசிலில் பள்ளி அரங்கத்துக்குப் பக்கத்திலேயே மாநிலக் கூடைப்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்கு இரண்டு மணி நேரம் வேண்டும். கொலம்பஸ் தெற்கே ஒரு மணி நேரப் பயணம். மிலன் தென்கிழக்கே தள்ளி இருக்கிறது, அங்கே 1954 அணிக்கென்று சிறிய அருங்காட்சியகம் உண்டு, திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஆட்டம் பார்க்க வேண்டுமானால் மார்ச் முதல் வாரத்துச் செக்‌ஷனலுக்குப் போங்கள், இறுதி ஆட்டத்தைவிட அங்கேதான் ஊர்க்கூட்டம் தெரியும். பந்தயத்துக்குப் போவதானால் மே மாதக் கடைசியில், இண்டி 500க்கு முந்தின சனிக்கிழமை இரவு ஆண்டர்சனில் லிட்டில் 500 பார்த்துவிட்டு அங்கேயே தங்காமல் நகருக்குத் திரும்பிவிடுங்கள். ஞாயிறு காலை தடத்தை நோக்கிப் போகும் சாலைகள் விடிவதற்கு முன்பே நிரம்பத் தொடங்கிவிடும்.